வேர்க்கடலைக் கொல்லையில் ஓடிய கால்

ஒரகடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் காலில் தேய்த்த தைலத்தின் இஞ்சி நெடியில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லை திரும்பி வந்தது. சிறுமியாக இருந்தபோது, கடலை பிடுங்கிய அந்தக் கொல்லையில் நடக்கும் பொங்கல் ஓட்டப்பந்தயம் நெருங்கும்போது எனக்குக் கணுக்காலில் சுளுக்கு. ஊர் வழக்கப்படி இரட்டைப் பிள்ளை பெற்றவள் வழித்துவிட்டும் வீக்கம் வடியவில்லை. ரங்கூனில் பக்கத்து வீட்டுச் சீனத்தியிடம் சுளுக்கு எடுக்கக் கற்றுத் திரும்பியிருந்த சித்தி, இஞ்சிச்சாறு கலந்த நல்லெண்ணெயைச் சூடாக்கி, கணுக்காலைத் தொடாமல் முழங்காலுக்குக் கீழேயே கட்டைவிரலால் தினமும் அழுத்தினாள்.

“நோவு அங்க கீது, நீ இன்னாடி இங்க அமுக்கிக்கினு கீற?” என்றாள் அம்மா.

“மேல இறுகிக்கினு கீதுக்கா. அத்த தளத்துனா அது தானா வடியும்.”

பொங்கலன்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பிள்ளைப்பாக்கத்துப் பெண்கள் எல்லோரும் எனக்குப் பின்னால்.

அந்தக் கொல்லையில் இப்போது கார் கம்பெனிக்காரர்கள் புதுக் கார்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டட்டும். அங்கே முதலில் ஜெயித்தவள் நான்.