காலிக் குழியில் கத்திரி

கட்டம் போட்ட தாளில் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைத்துக்கொண்டே போனால், நூற்றுக்கு ஐம்பத்தொன்பது கட்டம் நிரம்பும்போது திடீரென்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வழி கிடைத்துவிடும். அதற்குக் கீழே கிடைக்காது. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஆறு வருடமாக நான் ஆராய்ச்சி செய்வது இதைத்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதை அண்ணனிடம் சொன்னேன்.

மாரண்டஹள்ளிப் பக்கம் அவருக்கு இருப்பதே ஒரு ஏக்கர். போன தடவை தக்காளியில் வாடல் நோய் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரை போய்விட்டது.

"செடிக்குச் செடிதானே தாவுது? பத்துக் குழிக்கு அஞ்சுல மட்டும் நடுங்கண்ணா. நோய் பாதியிலயே நின்னுடும்" என்றேன். எந்தக் குழியைக் காலியாக விடுவது என்று கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டு அச்சடித்தும் கொடுத்தேன். அண்ணன் அந்தத் தாளைப் பார்த்தே நட்டார்.

ஒன்றரை மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் வயலில் ஒரு குழிகூடக் காலியில்லை. நாற்று செத்த இடத்தில் ஒரே வாரத்தில் வேறு நாற்று ஊன்றிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். வெறுங்குழியைப் பார்த்தால் அண்ணிக்குக் கை சும்மா இருக்காது.

"பாக்கறவங்க சிரிக்கறாங்க பாப்பா. பக்கத்து வூட்டுல மிஞ்சின நாத்தக் குடுத்தாங்க. தக்காளி நடலியே, கத்திரிதானே?" என்றார்.

அந்த வாடல் கத்திரிக்கும் வரும். கத்திரி நிற்கும் குழி நிரம்பியதா, காலியா? தக்காளியை விடக் கொஞ்சம் தாங்கும் என்றால் அரைக்குழி என்று எண்ணுவதா? போதாக்குறைக்கு என் கணக்கு எல்லையே இல்லாத வயலுக்கானது. கிழக்கு வரப்போரம் நாலைந்து தக்காளிகள் ஏற்கெனவே தலை தொங்கி நின்றன.

"கத்திரியப் புடுங்கணுமா, வேணாமா? ஒண்ணு சொல்லு" என்றார் அண்ணன்.

எனக்குத் தெரியவில்லை. பிடுங்கினால் மண் கிளறி இன்னும் பரவுமோ என்றுகூடத் தோன்றியது. இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "புடுங்கிடுங்க" என்றேன். பூவெடுத்திருந்த செடிகளை அண்ணியே பிடுங்கினார்.

பத்தே நாளில் நோய் மேற்கு வரப்பைத் தொட்டுவிட்டது. கத்திரியால் வந்ததா, அதைப் பிடுங்கியதால் வந்ததா, பாய்ந்த தண்ணீரில் வந்ததா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அண்ணன் போன் செய்தபோது திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

"உன் கணக்கு சரிதான் பாப்பா" என்றார். "நாங்கதான் வேரோட சரியாப் புடுங்கல."