ரிப்பன் இல்லாத உறை

என் வீட்டுக்காரர் எட்மண்டுக்கு விழா எடுத்து விருது கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், ஹாலில் இருக்கும் அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்ததுதான். முப்பத்தாறு வருடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். விருது வந்து உட்கார ஒரு இடம் வேண்டாமா? இரண்டாவது காரியம், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பேரிடமும் சொன்னது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெருமையை மூடி வைக்கத் தெரியாது.

அவர் எனக்கு நேர் எதிர். இங்கே சேக்காட்டில் பாதிப்பேர் அவருக்கு ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிற வேலை என்றுதான் நினைத்திருந்தார்கள். டிபன் டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஆவடி ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போகிறவரைப் பைலட் என்று யார் நம்புவார்கள்? அவரிடம் படித்த பிள்ளைகள் பெரிய பெரிய விமானங்களில் நாடு நாடாகப் போய்வருகிறார்கள். இவர் கடைசிவரை இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில், வலது பக்க வாத்தியார் சீட்டில்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் பயிற்சிப் பள்ளியின் மேனேஜர் கோகுல்நாத், மேடையில் படிக்கப்போகும் பாராட்டுரையைக் காட்டிவிட்டுப் போக வீட்டுக்கு வந்தார். 'முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு சிறு பிழைகூட இல்லாத ஆசான்' என்று அதில் இருந்தது. நான் காபி டம்ளரோடு அங்கேயே நின்று இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். எட்மண்ட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"ஒண்ணு கீதே கோகுல். ரெண்டாயிரத்து மூணு, டிசம்பர்."

"சார், அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? இந்த விருதே பிழையில்லாத சேவைக்குத்தான். நீங்க இதை அடிச்சா கமிட்டி வேற பேருக்குப் போயிடுவாங்க."

"போவட்டுமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க எழுதினபடியே படிங்க கோகுல், அவரு கெடக்கறாரு" என்றேன். எட்மண்ட் பேனாவை மூடினார். கோகுல்நாத் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த டிசம்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் இறக்கைக்குக் கீழே விரல் தடிமனில் ஒரு குழாய் இருக்கும். எதிர்க்காற்று அதற்குள் நுழைந்தால்தான், என்ன வேகத்தில் போகிறோம் என்று உள்ளே முள் காட்டும். விமானம் நிற்கும்போது குளவி கூடு கட்டிவிடாமல் அந்தக் குழாய்க்குச் சிவப்புத் துணியில் ஒரு உறை மாட்டுவார்கள். கிளம்பும்முன் மறக்காமல் கழற்ற வேண்டும் என்பதற்காக அந்த உறையிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு ரிப்பன் தொங்கும். பள்ளிக்கு அந்த உறைகளைத் தைத்துக் கொடுப்பது, வீட்டிலேயே தையல் வேலை செய்யும் நான்தான்.

அந்த டிசம்பரில் ஒரு உறையின் ரிப்பன் அறுந்துவிட்டது. "ஞானம், இதுக்கு ஒரு ரிப்பன் வெச்சுக் குடேன்" என்று அவர் கொண்டுவந்தார். என்னைச் சுற்றிக் கிறிஸ்மஸ் கவுன்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. "பண்டிகை முடியட்டும், இப்போ என் உயிரை எடுக்காதீங்க" என்று விரட்டிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. அவர் ரிப்பன் இல்லாமலே உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் சரண் என்ற மாணவனோடு காலையில் கிளம்பினார். விமானத்தைச் சுற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்று ஏறிவிட்டார்கள். சக்கரம் தரையை விட்ட பிறகுதான் முள் பூஜ்யத்திலேயே நிற்பதை அவர் பார்த்தார். உறை கழற்றப்படவில்லை. வேகம் குறைந்தால் விமானம் விழுந்துவிடும்; எவ்வளவு வேகம் என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லை. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார். ஒரு கீறல் இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை. உறையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

இவர் நேராக ஆபீசுக்குப் போய்த் தன்மேல் தானே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் பறக்க விடவில்லை. அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய தலைமைப் பயிற்சியாளர் பதவி, அவருக்கு ஜூனியரான ஜம்புலிங்கத்துக்குப் போனது.

ரிப்போர்ட்டின் நகலை வீட்டில் வாங்கிப் படித்தேன். ரிப்பனைப் பற்றி ஒரு சொல் இல்லை. "ரிப்பன் அறுந்து கெடந்ததுன்னு ஒரு வரி எழுதினா கொறஞ்சா பூடுவீங்க?" என்று சண்டை போட்டேன்.

"ரிப்பன் கண்ணுக்கு, ஞானம். நான் கையை வெச்சுத் தொட்டுப் பாத்திருக்கணும்."

இரண்டு வாரம் அவரோடு நான் பேசவில்லை. பதவி போன கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மை எனக்குத் தெரியும். அந்தச் சண்டையே என்மேல் எனக்கு இருந்த கோபம். ஐந்து நிமிடம் மெஷினில் உட்கார்ந்திருந்தால் அவர் உயிரும் அந்தப் பிள்ளையின் உயிரும் அந்தரத்தில் தொங்கியிருக்காது.

அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகு பள்ளியில் ஒரு வழக்கம் வந்தது. கிளம்பும்முன் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, "தொட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடமாக அங்கே ஒருவரும் உறையோடு பறந்ததில்லை. எங்கள் வீட்டில் கேஸை மூடும்போது நானே தொட்டாச்சு என்று சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகுல்நாத் சொன்னபடியே விருது வேறு ஊர்க்காரருக்குப் போனது. எட்மண்டுக்குப் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் மட்டும்தான் என்று போன் வந்தது. விழாவுக்கு வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டேன். அன்று காலை அவர், "பொடவை மாத்து ஞானம், லேட்டாவுது" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

முகப்பேரில் ஒரு மண்டபத்தில் விழா. ஜம்புலிங்கம் தலைமை. பொன்னாடை போர்த்தும்போது, வழக்கம்போல மனைவியையும் மேடைக்கு அழைத்து, "அம்மா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மைக்கை நீட்டினார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்காரத்தான் நினைத்தேன்.

"இவரு ஒரு தப்பு பண்ணாருன்னுதான் இந்த வருஷ விருது இல்ல" என்று ஆரம்பித்துவிட்டேன். "அந்த உறையில ரிப்பன் இல்ல. தெச்சுக் குடுன்னு கேட்டாரு. நான்தான் தெச்சுக் குடுக்கல. இருபத்திரண்டு வருஷமா எங்கயும் சொல்லல. இப்போ சொல்றேன்."

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். தலை பாதி வழுக்கை. அன்று அந்த விமானத்தில் இருந்த சரண்தான், இப்போது கேப்டன்.

"அம்மா, அன்னிக்கு வெளிய சுத்திப் பாக்கற வேலை என்னுது. அந்த எறக்கைகிட்ட வரும்போது போன் அடிச்சுது, பேசிகினே வந்துட்டேன். எல்லாம் பாத்துட்டேன்னு சார்கிட்ட சொன்னேன். பாக்கல. நானும் இதுவரைக்கும் சொல்லல."

நான் எட்மண்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ரெண்டும் எனக்குத் தெரியும்" என்றார், மைக்கை வாங்கி. "பிளேனுக்குப் பொறுப்பு நான். அதனால என் பேரு மட்டும் எழுதினேன். உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தறேன்னு நெனச்சேன். ஆனா அதுவும் ஒரு தப்புதான். போனைப் பத்தி அன்னிக்கே எழுதியிருந்தா, பறக்கற எடத்துல போன் கூடாதுன்னு நம்ம ஸ்கூல்ல ரெண்டாயிரத்து ஏழுல வந்த சட்டம், நாலு வருஷம் முன்னாடியே வந்திருக்கும். நடுவுல வேற யாருக்காச்சும் எதாச்சும் ஆயிருந்தா?" கோகுல்நாத் பக்கம் திரும்பினார். "கோகுல், உன் பேப்பர்ல மாத்திக்க. ஒண்ணு இல்ல, ரெண்டு."

ஜம்புலிங்கம்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு மண்டபமே எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. முப்பத்தாறு வருடத்தில் இந்த மனுஷனைப் பற்றி அன்றைக்குப் பட்ட பெருமையை நான் என்றைக்கும் பட்டதில்லை.

போன வாரம் கோகுல்நாத் திருத்திய பாராட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். 'முப்பத்தாறு ஆண்டுகள், இரண்டு பிழைகள். இரண்டையும் அவரே சொன்னார்' என்று இருந்தது. காலியாக இருந்த மேல்தட்டில் இப்போது அதுதான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே நான் அதை எடுத்துக் காட்டிவிடுகிறேன்.