பட்டியலில் முதலில் வந்த புரதம்

குற்றவாளி என் வாய்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே வரும் நோய். எண்ணூர்ப் பக்கம் ஒரு கரி யார்டில் ஏழு வருஷம் கூலி வேலை பார்த்துவிட்டு, பிறகு காசிமேட்டில் விசைப்படகில் ஏறினான். இப்போது மாடிப்படி ஏறினாலே பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். கொடுக்கும் மருந்து நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான் ஆராய்ச்சி செய்வதும் அதே நோயைத்தான். அவனுக்காகவே அந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

என் வேலைக்குச் சோதனைக்குழாய் வேண்டாம், கம்ப்யூட்டர் போதும். நோயுற்ற நுரையீரலில் எந்தப் புரதம் எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பெரிய படம் போடுவோம். புரதம் ஒரு புள்ளி, தொடர்பு ஒரு கோடு. எந்தப் புள்ளியை மருந்தால் அடக்கினால் நோய் நிற்கும் என்று தேடுவோம். நிறையக் கோடுகள் வந்து சேரும் புள்ளி பட்டியலில் மேலே வரும். எனக்கு முதலில் வந்த புரதத்தை அடக்க ஏற்கெனவே ஒரு மாத்திரை இருந்தது, புற்றுநோய்க்குக் கொடுப்பது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ராயபுரம் வீட்டுக்கு ஓடிவந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து, அண்ணனிடம் அந்தப் புள்ளியைக் காட்டினேன். மாத்திரையின் பெயரையும் சொன்னேன். இன்னும் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னேன்தான். அது அவன் காதில் விழுந்ததா என்று பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து என் பேராசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். நல்ல இதயத்தில் அந்தப் புரதத்துக்கு என்ன வேலை? இதயத்தின் படத்தை எடுத்து அந்தப் புள்ளியை நீக்கினேன். மிச்சப் படம் துண்டு துண்டாகச் சிதறியது. அந்தப் புரதம் இல்லாமல் நல்ல இதயம் ஓடாது என்று அர்த்தம். புற்றுநோய் வார்டில்கூட இதயத்தைக் கண்காணித்துக்கொண்டேதான் அந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன். இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

எரிச்சலோடு வீட்டுக்குப் போன் போட்டு, அந்த மாத்திரை வேலைக்கு ஆகாது என்றேன்.

"நாலு நாளா போட்டுகினு கீறேன், பாப்பா," என்றான் அண்ணன்.

மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் தோஸ்து ஒருவன் வாங்கிக் கொடுத்தானாம். மிச்சத்தைத் தொடாதே என்று கத்தினேன்.

"மிச்சம் ஏது? பாதி மாமு கைல கீது."

மாமு என்றது அவனுடைய கூட்டாளியை. அதே யார்டில் கரி சுமந்து, அதே படகில் ஏறி, அதே இருமலை இருமுகிறவர். படகில் கிடைத்ததைப் பங்கு போடாதவனை அடுத்த நடைக்கு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அண்ணன் மாத்திரையையும் சரிபாதி பிரித்திருக்கிறான். கூட்டாளி தன் பங்கோடு மூன்று நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஈசிஜியில் துடிப்பு கொஞ்சம் மாறியிருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். யார் எழுதிக் கொடுத்தது என்று அவர் கேட்டபோது நான் அண்ணனைப் பார்த்தேன். தானே வாங்கிக்கொண்டதாக அண்ணன் சொன்னான்.

கெட்ட புரதத்தை அடக்கினால் நல்லதுதானே என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டான். ஏலக்காரன் ஒருத்தன் அடாவடி செய்கிறான் என்று, அவனோடு எல்லோரும் ஐஸ் வாங்கும் காசிமேட்டு ஐஸ் பேக்டரியையே மூடினால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டேன்.

"மொத்த ஆர்பரும் காலி," என்றான். உடனே மாமுவைப் பிடி என்று என்னை விரட்டினான்.

அவ்வளவு தூரத்தில் போன் எடுக்காது. படகு ஓனர் வீட்டு வயர்லெஸ்தான் வழி. அதுவும் நேராக எட்டாது. கரைக்குக் கிட்டத்தில் இருக்கும் படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதற்கு அடுத்ததற்கு. நான் கண்டுபிடித்தது தப்பு, மாத்திரையைச் சாப்பிட வேண்டாம், உடனே கரைக்குத் திரும்பச் சொல்லுங்கள் என்று மைக்கில் மூன்று முறை சொன்னேன். ஊரே கேட்கும் என்று தெரியும். வெட்கமாக இருந்தது, ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. முக்கால் மணி நேரம் வெறும் இரைச்சல். அவர் செத்திருந்தால் கொன்றது நான்தான் என்று ஓனர் முன்னாலேயே அழுதேன்.

கடைசியில், கிட்டத்தில் இருந்த படகின் டிரைவர் பேசினார். மாமு நல்லபடியாக இருக்கிறார், நேற்று தலைசுற்றியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார், படகு கரைப் பக்கம் திரும்பிவிட்டது என்றார்.

"அவரு ஒண்ணு கேக்க சொன்னாரு," என்றார் டிரைவர். "இது இல்லன்னா வேற எது? எப்ப வரும்?"

நான் மைக்கை எடுப்பதற்குள் வேறு ஒரு குரல் இடையில் வந்தது. யார் என்று தெரியாது, எந்தப் படகு என்றும் தெரியாது. இருமி முடித்துவிட்டுப் பேசினார்.

"எங்க போட்டுலயும் ரெண்டு பேரு இப்டி கீறோம், தங்கச்சி. எங்களுக்கும் சேத்து சொல்லு."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதையும் ஒரு படகு இன்னொரு படகுக்குச் சொல்லிக்கொண்டே போனது.