தசைக்குள் புகுந்த சுண்ணாம்பு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், அங்கே காஜா பெராங் என்ற ஊரில் என் கன்று கால் ஊன்ற முடியாமல் செத்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் தீனியில் சுண்ணாம்பு கலந்து கொடுத்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொன்னேன். பார்க்க வந்த மாட்டு டாக்டர் ஒரு சிடுமூஞ்சி. எதையும் முகர்ந்த பிறகே வாய் திறப்பார். கன்றின் தொடையை அறுத்தார். சதையெல்லாம் வெள்ளைக் கோடுகள்.

“பாத்தீங்களா சார், சுண்ணாம்பு!” என்றேன்.

அவர் என் தவிட்டு மூட்டையை முகர்ந்துவிட்டுக் கத்தினார்: “அது உடம்புலயே உள்ள சுண்ணாம்புய்யா! காறிப்போன தவிட்டப் போட்டு நீ சதையக் கெடுத்த. கெட்ட சதைக்குள்ள அது பூந்துகிச்சு. கொன்னது நீதான்!”

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த டாக்டர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான், மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மெதுவாகச் சொல்லியிருந்தால் நான் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்பு கேட்டிருப்பேனா? அதுதான் தெரியவில்லை.