தன் கடைக்கு எதிராக ஒரு மனு

அந்த மனு எழுதப்பட்ட தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நோட்டுப் புத்தகத்திலிருந்து பிசிறில்லாமல் கிழித்த கோடு போட்ட தாள், உச்சியில் பிள்ளையார் சுழி. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் பொதுமக்களின் மனுக்களைக் கணினியில் பதிவது அப்போது என் வேலை. பட்டா, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு என எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவு இருந்தது. அந்த மனுவைக் கொண்டுவந்த அக்கா கேட்டதற்கு மட்டும் இல்லை. அவர் சட்டம் கேட்டிருந்தார். பீடி, சிகரெட் விற்கத் தனி உரிமம் வேண்டும், ஒற்றை ஒற்றையாகப் பிரித்து விற்பதைத் தடுக்க வேண்டும், மாநில அரசே இதைச் சட்டமாக்க வேண்டும். காரணத்தைக் கடைசியில் எழுதியிருந்தார்: ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது, அவனால் சிகரெட்டை விட முடியவில்லை.

அவசரத்தில் நான் அதைக் 'கடை மீது புகார்' என்று பதிந்தேன். எந்தக் கடை என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. மனுதாரரின் முகவரியையே அங்கும் போட்டுவைத்தேன். சில நாளில் அதிகாரிகள் அந்த முகவரிக்குப் போய் நின்றார்கள். செங்கம் ரோட்டில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய பெட்டிக்கடை அது. அக்காவின் சொந்தக் கடை. பள்ளிக்கு அருகில் விற்றதற்காக இருந்த சிகரெட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு அபராதமும் போட்டுவிட்டார்கள்.

விஷயம் காதுக்கு வந்ததும் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன், தவறு என்னுடையதுதான். அடுத்த திங்கள் அவர் வரிசையில் நிற்பதைப் பார்த்து, திட்டு வாங்கத் தயாராக எழுந்தே நின்றேன்.

"உக்காருங்க மேடம். வித்தேன், புடிச்சாங்க. அதுல என்ன தப்பு?" என்றார். அதே மனுவை மறுபடி எழுதி, அபராத ரசீதின் நகலையும் குத்தி நீட்டினார். "விக்கறவளே கேக்கறான்னு எழுதிக்கங்க."

அதன்பிறகு திங்கள் தவறாமல் வந்தார். 'சிகரெட் அக்கா' என்று எங்கள் ஆட்கள் கேலி செய்தபோது நானும் சிரித்திருக்கிறேன், வெட்கக்கேடுதான். தீபத்தன்று ஊரே அண்ணாந்து பார்க்கும் மலையடியில் பிறந்து வளர்ந்தவள் நான். பிரமிப்பு எனக்குப் புதிதல்ல. ஆனால் தன் பிழைப்பில் தானே கை வைக்கச் சொல்லி வரிசையில் நின்ற ஒருவரை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, இன்று வரையிலும் பார்க்கவில்லை. அவர் கேட்ட சட்டமும் இன்னும் வந்தபாடில்லை.

ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் கடைக்காரர்களை அழைத்துக் கருத்துக் கேட்டார். அக்காவும் வந்திருந்தார். அவருடைய மனுக்கட்டைப் புரட்டிய அதிகாரி, "ஏம்மா, உங்க கடையில நீங்களே விக்காம இருந்துட்டா போச்சு. இதுக்கு எதுக்கு சட்டம்?" என்றார். கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

அக்கா எழுந்தார். "நிறுத்தி மூணு மாசம் ஆகுது சார். வியாபாரம் பாதி கம்மியாயிடுச்சு, அது போவட்டும். முன்ன எங்க தம்பிக்கு நான்தான் எங்கையால எடுத்துக் குடுப்பேன். இப்ப எங்கிட்ட டீ மட்டும் குடிச்சிட்டு, பக்கத்துக் கடையில போயி வாங்கிக்கறான்."

சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரரும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.