தண்ணி இந்த நிறம் இல்ல

மலாவி ஏரியின் ஆன்மாவைத் துணியில் பிடித்த முதல் ஓவியன் நான். வானொலியில் இதைச் சொன்னவனும் நானேதான். அதுவரை ஏரி சம்பந்தமாக நான் வரைந்திருந்தது, பிளாண்டயர் நகரில் ஒரு கருவாட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை.

இனிச் சொல்வதில் பொய் கிடையாது. சொன்ன ஒரு பொய்யும் இதிலேயே வருகிறது.

ஜூன் மாதம். கண்காட்சிக்கு ஒன்பது நாள். "கம்வெந்தோவின் மாபெரும் ஏரி ஓவியம்" என்று அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. ஓவியம்தான் இல்லை. வெறுங்கையோடு போய் நின்றால் அதோடு என் பெயர் முடிந்தது. உள்ளொளி தேடி, மங்கி பே பக்கம், தென்கரையில் தனியாக நிற்கும் ஒரு வீட்டில் போய்த் தங்கினேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அபிதி வடி. ஐம்பது வயதிருக்கும். மூன்றாம் நாள் களியும் சாம்போ மீனும் வைத்துவிட்டு, என் ஓவியத் துணியைப் பார்த்தார்.

"நல்லா வெள்ளையடிச்சிருக்கீங்க, பெயிண்டர் ஐயா."

"கலை உள்ள ஊறணும்மா."

"மரவள்ளியே மூணு நாள்ல ஊறிடுதே."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"யாராச்சும் 'ஓடி'ன்னு கூப்பிட்டா, முகத்தப் பாத்துட்டு பதில் சொல்லுங்க."

"ஏன்?"

"செத்தவங்களும் மரியாதை தெரிஞ்சவங்கதான்."

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் வெளியே நின்று "ஓடி" என்போம். உள்ளேயிருந்து "ஓடினி" என்று வந்தால்தான் காலெடுத்து வைப்போம். எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவன் அல்லவா?

நான்காம் நாள். விடிந்ததிலிருந்து ம்வேரா என்னும் தென்கிழக்குக் காற்று. ஒரு தோணியும் இறங்கவில்லை. சன்னலைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.

மாலை 4.52. காற்று நின்றது. அடங்கி அடங்கி அல்ல. சட்டென்று.

"ஓடீ..."

ஆண் குரல். யாரோ படம் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உடனே திரும்பினால் ஓவியனுக்கு என்ன மதிப்பு? தூரிகையை உயர்த்தினேன். தாடையையும்.

"ஓடினி."

சளக்... சளக்... சளக்...

சிமெண்டுத் தரையில் ஈரக்கால். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. நாணல் அழுகிய வாடை. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். சும்மா இருப்பது தெரியக்கூடாதே என்று நீலத்தைத் தொட்டு ஓர் இழுப்பு இழுத்தேன்.

4.55.

"தண்ணி இந்த நிறம் இல்ல."

எனக்கு எரிச்சல். "பின்ன என்ன நிறம்?"

"பச்சை... கீழ போகப் போகக் கறுப்பு."

தோளில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று. இன்னொன்று.

அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவு அருகில் பேசுகிறார்... கழுத்தில் மூச்சே படவில்லை.

"மேல நீளமா ஒரு கறுப்பு."

கை தானாக வரைந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. திரும்பிப் பார்க்கப் பயந்து, சொன்னதையெல்லாம் நான்தான் வரைந்தேன்.

"பக்கத்துல பிளந்த பாறை."

வரைந்தேன்.

"இன்னும் கிட்ட..."

வரைந்தேன்.

"கறுப்புல... சதுரமா ஒரு தகரம்..."

5.21.

காற்று திரும்பவும் வீசியது.

திரும்பினேன். யாரும் இல்லை.

வாசலிலிருந்து என் நாற்காலிவரை ஈரத்தடம்.

திரும்பிப் போன தடம்...

இல்லை.

5.40-க்கு மினிபஸ்ஸில் இருந்தேன். மடியில் ஈரம் காயாத படம். அவ்வளவு பயத்திலும் அதை மட்டும் விடவில்லை.

என் வாழ்நாளில் அப்படி ஒன்று வரைந்ததில்லை. ஆனால் அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கறுப்பைக் கீழே வைத்தால் தீவு மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டு, 'விடியலில் ஒரு தீவு' என்று பெயர் வைத்தேன்.

கண்காட்சியில் அதன் முன்னால்தான் கூட்டம். மகள் வீட்டுக்கு வந்திருந்த அபிதி வடியும் வந்தார். நான் அவசரத்தில் விட்டுவிட்டு ஓடிவந்த கால்சட்டையை மடித்துக் கொண்டுவந்திருந்தார். படத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். இடுப்பை வளைத்துக் குனிந்து, தலைகீழாகப் பார்த்தார்.

"இது தீவில்ல. என் தம்பி தோணியோட அடி. அந்தத் தகரம் ஓட்டைய அடைக்க எண்ணெய் டின்ல வெட்டி நான் அடிச்சது."

நான் படத்தை மறைத்தாற்போல் முன்னால் வந்து நின்றேன்.

"போன ஆகஸ்ட்ல வலை போடப் போனவன். பத்து மாசமாப் புதைக்க ஒண்ணும் கிடைக்கல. யாராச்சும் 'ஓடி'ன்னு வந்தாங்களா? சொல்லுங்க ஐயா."

சுற்றிலும் பத்திரிகைக்காரர்கள். ஒரு பெண் என் பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தாள்.

"கற்பனைம்மா," என்றேன். "கலைஞனோட கற்பனை."

அவர் கால்சட்டையை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிளந்த பாறை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உறவுக்காரர்கள் முங்கித் தேடினார்கள். மூன்றாம் நாள் தோணி கிடைத்தது. பாறைப் பிளவில், தண்ணீருக்குள் செருகிக்கொண்டு கிடந்தது. அதற்கு நேர் கீழே அந்தத் தம்பி. காலில் வலை சுற்றி, மல்லாந்து. அங்கே படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் என் படம்.

அந்தப் பாறை வீட்டுச் சன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நான்கு நாளும் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதைத்தான்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை.

படத்தை ஒரு வங்கி வாங்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. இன்னும் தலைகீழாகத்தான் தொங்குகிறது. நான் சொல்லவில்லை.