நாளைக் காலை மருந்து

நகரின் ஓரத்தில் பிரான்காச்சோவைத் தாண்டி, பஸ் திரும்பிப் போகும் இடத்தில் என் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீடும் எலுமிச்சைத் தோட்டமும். பதினொரு வருடமாக அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் பெட்டிகள் வைத்துத் தேனீ வளர்த்தார். தன் முதுகு இனி வளையாது என்று என் கணவரை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் கணவரின் பெர்மெஸ்ஸோவை, அந்த விசா அட்டையை, புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் அவர் இந்த நாட்டில் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை சிஞ்ஞோரா கூப்பிட்டாள். நாளைக் காலை தோட்டத்தில் பூச்சிக்கு அடிக்க ஆள் வருகிறது, கிழவரிடம் சொல்லிவிடு, என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும் என்றாள். பூத்திருக்கும்போது அடிக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். இலையில் நாலு பூச்சியைக் கண்டால் அவளுக்குச் சட்டம் மறந்துவிடும்.

நான் வேலியில் நின்று, பெரிய கெட்டிக்காரி மாதிரி, இத்தாலியனில் சொன்னேன்:

"நாளைக் காலமை சிஞ்ஞோரா வீட்டில மெடிச்சீனா."

எங்களுக்குப் பயிருக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. அதை அப்படியே தூக்கி இத்தாலியனில் வைத்தேன். அவர்களுக்கு மெடிச்சீனா என்றால் குளிசையும் ஊசியும்தான். சிஞ்ஞோரா போன மாதம் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். கிழவர் சிலுவை போட்டுக்கொண்டு, "கெதியில சுகமாகட்டும்" என்றார். மரத்துக்கும் சுகம் கேட்கிற நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். மண்டை முழுக்கக் களிமண் எனக்கு.

புதன் காலை ஆள் வந்து அடித்துவிட்டுப் போனான்; மத்தியானம் சிஞ்ஞோராவின் பல்கனியில் தேனீக்கள் விழத் தொடங்கின. நாக்கை நீட்டியபடி மல்லாக்கக் கிடந்து சுழன்றன. நடுவில் இரண்டு கருவண்டுகளும் கிடந்தன.

"கெதியாக் கூட்டு, காலில ஒட்டுது," என்றாள் சிஞ்ஞோரா.

உயிரோடு கிடந்தவற்றையும் சேர்த்துத்தான் கூட்டினேன். பைக்குள் அவை இரைந்தன. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

கிழவர் வாசலுக்கு வந்தார். சிஞ்ஞோரா கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"இவளிட்டச் சொல்லிவிட்டனானே."

"நீ மெடிச்சீனா எண்டெல்லோ சொன்னனி," என்றார் கிழவர் என்னைப் பார்த்து. "வெலேனோ எண்டு சொல்லியிருந்தால் பெட்டியளை மூடியிருப்பன்."

வெலேனோ என்றால் நஞ்சு. எனக்குத் தெரியாத சொல்லா அது? குசினியில் எலி மருந்துப் பெட்டியில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அந்த நேரத்திலும் வெட்கமில்லாமல் வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

"உன்ர மனுசன் வந்து என்ன செய்யிறது? செத்ததைக் கூட்டுறதோ? அதுக்கு நீ ஒருத்தியே காணும்."

வீட்டில் கணவர் கையெழுத்துக்குப் போக வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு வரட்டாம்?"

"அந்தாளுக்குச் சுகமில்லையாம்," என்றேன். "மருந்து எடுக்கிறாராம்."

"பாவம். கெதியில சுகமாகட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் சட்டையின் மற்றக் கையைத் தேய்க்கத் தொடங்கினார்.